முந்நூற்று நாற்பது

கோதுமை லாரிகளை நிறுக்கும் மேடையில்
வண்டியை ஏற்றினான் ஓரின்.
முந்நூற்று நாற்பது கிலோ.
"உன்னையும் சேர்த்தா?" என்றாள் ரோடா,
ரசீதைக் கிழித்துக் கொடுத்தபடி.

ஐடஹோவின் பனி உருகும்வரை
கொட்டகையில் கழற்றிக்கொண்டே இருந்தான்.
இரட்டைப் புகைக்குழல் ஒற்றையானது.
தோல் பைகள் போயின. குரோம் வளையல்கள் போயின,
மாப்பிள்ளை மாதிரி நின்ற வண்டி
வேலைக்காரன் மாதிரி ஆனது.
யாரும் உட்காராத பின்சீட்டைக் கழற்றும்போது மட்டும்
ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு
ஒரு சிகரெட் பிடித்தான்.

முன் ஃபோர்க்குக்குக் கெட்டியான எண்ணெய்.
பின்னால் புது ஷாக், ஓர் அங்குலம் உயரம்.

ஏப்ரல். லூயிஸ்டன் இறக்கம்.
போன வருடம் இதே வளைவுகளில்
கால்பலகை தாரில் உரசிப் பொறி கக்கும்,
கொம்பைப் பிடித்து எருமையைத் திருப்புகிற பாடு.
இப்போது
பார்த்த பக்கம் சாய்கிறது.
மூன்றாவது இடது வளைவில்
அவன் நினைப்பதற்குள் திரும்பி
மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டது.
எதிரே லாரி வரவில்லை,
அவ்வளவுதான்.

மறுநாள் அரை அங்குலம் இறக்கினான்.
யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடி மேடை. முந்நூற்றுப் பத்து.
ரோடா எண்ணைப் பார்க்கவில்லை.
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து
வெறும் மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
"இங்கே ஒரு சீட் இருந்ததே?"

"இருக்கு. கொட்டகையில.
நாலு போல்ட்தான்."

பிறகு, அவள் கேட்காமலே:

"அஞ்சு கிலோகூட வராது."