எத்தனை மணிக்கு

பதினொரு ஷட்டர், பதினொரு லஸ்கர்,
ஒரு வாட்ஸ்அப் குழு.
தில்லைவிளாகத்தில் நான்,
கோரையாற்றின் கால்மாட்டில்,
ஈரக் கோணி விரித்த ஜீப்பில்.

இரவு ஒன்பது நாற்பது.
முத்துப்பேட்டை மதகிலிருந்து ஹாஜா மைதீன்:
"மூணேகாலுக்கு வத்தம் மேடம்.
எட்டரை வரைக்கும் கடல் வாங்கிக்கும்.
அப்புறம் திருப்பித் தள்ளும்."

முதுகலையில் எண்பது பக்கம் நிரூபித்தவள் நான்.
தற்செயல் உலுக்கும் எந்தப் பின்னலிலும்
ஒவ்வொரு கணுவும் பக்கத்துக் கணுவைப் பார்த்துத்
தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொண்டால்
வித்தியாசம் தேயும்;
காலம் முடிவிலியை நெருங்க, பூஜ்யம்.
தேர்வாளர் கைகுலுக்கினார்.

போன ஐப்பசியில் இடும்பாவனத்து வாய்க்கால் கரையில்
முழங்கால் சேற்றோடு ஒருத்தி கேட்டாள்:
"வடியும் வடியும்ங்கிறீங்க,
எத்தனை மணிக்கு?"

மூழ்கிய சம்பா
முடிவிலி வரை மூச்சடக்காது.

பிறகுதான் படித்தேன்.
பிழை சிறுக்கச் சிறுக்கக் கையும் தளர்ந்தால்
எந்நாளும் போய்ச் சேர்வதில்லை.
கடைசி அங்குலத்துக்குத்தான் முழுக் கையும் வேண்டும்.
உத்திராபதிக்கு இது பழைய செய்தி.
அவர் ஷட்டரில் துரு பிடித்திருப்பது
கடைசி மரையில்.

பதினொன்றரைக்குக் குழுவில் ஒரு குரல் செய்தி:
"மேக்கே கரை ஒடைஞ்சிருச்சாம்!"
யாரோ ஒருவர் பதறி இரண்டடி தூக்கினால்
அடுத்தவர் மூன்றடி தூக்குவார்,
அதற்கடுத்து வீடுகள்.
வாங்கியதற்கு மேல் கொடுக்காதே,
கொஞ்சம் உனக்குள்ளேயே கரைத்துவிடு:
சமன்பாட்டில் இதை எழுத எனக்கு நான்கு வரி ஆனது.
உத்திராபதி ஒரே வரியில் எழுதினார்:
"என் கேஜ் ஆறடி நாலங்குலம். டீ குடிக்கிறேன்."

பதினொருவரையும் நான் அழைக்கவில்லை.
மூவரைப் பிடித்தால் போதும், மற்றவர் ஒட்டிக்கொள்வார்கள்.
காகிதத்தில் மூவர் என்பது
காகிதத்தில்தான்.
இங்கே மழை. ஒரு மைலுக்கு அப்பால் நட்சத்திரம்.
ஏழாவது மதகின் வாயில் வெங்காயத் தாமரை,
அரிவாளோடு இடுப்பளவில் இருவர்.
பக்கிரிசாமி போனில் சார்ஜ் இல்லை.

மூன்று பத்து: "தூக்கியாச்சு."
"தூக்கியாச்சு."
"தூக்கியாச்சு, கைல ரத்தம், பரவால்ல."
எண்ணினேன். பத்து.

சகாயமேரியின் அளவுகோலில்
அரையடி ஏறியது தண்ணீர்.
மேலே இருப்பது பக்கிரிசாமி.
திறந்துவிட்டார் என்று
ஆறே வந்து சொல்கிறது.

பதிவேட்டில் எழுதினேன்: மணி 3.22.
ஏழு நிமிடம் தாமதம். காரணம் என்ற கட்டத்தில்
மழை என்றும், துரு என்றும்,
பிறகு இரண்டையும் அடித்துவிட்டு எதுவும் எழுதாமலும்.

"கடல் வாங்குது" என்றார் ஹாஜா.

எட்டு இருபத்தைந்துக்கு ஒரு மங்கலான படம் வந்தது:
பழுப்புத் தண்ணீருக்கு மேலே
விரற்கடை அளவு பச்சை.
யார் வயல் என்று அனுப்பியவருக்கும் தெரியவில்லை.