தலை எங்கே

ஞாயிறு ராத்திரி ஒன்பதரை.
நாகலூர் முழுக்கக் கரண்ட் இல்லை.
குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டியது
எஸ்டேட் ஜீப் ஓட்டும் அருளப்பன்.
‘மாட்டுக்கு ஒண்ணுமில்ல’ என்றான், நான் கேட்குமுன்பே.
நீட்டிய செல்போனில்
எந்த நாட்டுப் பனியிலோ
எலும்பெடுத்த மான் ஒன்று
தலையைத் தொங்கப்போட்டு வட்டமடித்தது.
‘இந்த நோய் நம்ம மலைக்கு வருமா டாக்டரம்மா?’

படித்திருக்கிறேன்.
நாமக்கல்லில், மூன்றாம் வருஷம், இரண்டு மார்க் கேள்வி.
புழுவுமில்லை, கிருமியுமில்லை,
தப்பாய் மடிந்த ஒரு புரதம்.
பக்கத்திலிருப்பதையும் தன்னைப்போலவே மடிக்கும்.
மூளை சல்லடையாகும்.
கொதிக்கவைத்தாலும் சாகாது, சாக அதற்கு உயிரில்லை.
மான் செத்த மண்ணில் வருஷக்கணக்காய்க் கிடக்கும்.
அங்கே வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு.
சுட்டவன் தலையைப் பையில் கட்டி, சீட்டெழுதி,
சோதனைக்குக் கொடுத்துவிட்டு
முடிவு வரும்வரை கறியைத் தொடாமல் காத்திருப்பானாம்.
இங்கே சுட்டால் ஜெயில்.
அதனால் சுட்டவன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

‘இந்தியாவில் இதுவரை காணவில்லை’ என்றேன்.

அவன் போகவில்லை.
மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர்
வாசலைத் தாண்டி உள்ளே வந்தது.
‘எதுக்குக் கேக்கிற?’
‘சும்மா.’
சும்மா கேட்க யாரும்
ஏழு கிலோமீட்டர் பனிமூட்டத்தில் வருவதில்லை.

பிறகு சொன்னான்,
கொஞ்சம் கொஞ்சமாய், ஆளே இல்லாத கதையாய்.
ஒரு கேளையாடு. பேரில் ஆடு, பிறப்பில் மான்.
மிளகுக்கொடி ஓரம் நின்றதாம்.
ஹெட்லைட்டுக்கு மிரளவில்லையாம்.
வாயில் நுரை. பின்னங்கால் இழுவை.
துப்பாக்கிகூட வேண்டியிருக்கவில்லை.
‘வெட்டியாச்சு. பங்கு போட்டாச்சு. தின்னாச்சு.’
செய்தவனை ஒளித்துவைக்க
நம் பாஷையில்தான் எத்தனை பரண்!

டார்ச்சை அவன் கைக்குத் திருப்பினேன்.
இடது கட்டைவிரலில் துணிக்கட்டு.
‘இது?’
‘நான் உரிக்கும்போது...’
அதுதான் முதல் ‘நான்’.

மடையா,
போனில் வந்த நோய்க்குப் பயந்து வந்திருக்கிறாய்.
நான் பயப்படுவது
நம் தெருவிலேயே படுத்துக்கிடப்பதற்கு.
போன மாதம் செம்மடுவில் இரண்டு கன்றுகளைக் கடித்த நாய்
காட்டுக்குள் ஓடியது, திரும்பவில்லை.
வெந்த கறியை விடு.
வெட்டிய கையைக் காட்டு.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன்.
பதினைந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து.
தண்ணீர் குளிர்ந்தது.
அவன் விரல் நீலம் பாய்ந்தும் நிறுத்தவிடவில்லை.
‘இன்னும் யார் யார் கை வச்சது?
எல்லாருக்கும் ஊசி போடணும். நாளைக்கில்ல, இப்பவே.’
மச்சான் சவரி. லோடுமேன் குப்பாண்டி. சவரியின் பெண்சாதி.
நாலாவது பேர் வரவில்லை.
அது எஸ்டேட் கேட்டின் பலகையில்
பெரிய எழுத்தில் இருக்கிறது.

‘தலை எங்கே?’
‘தலையா?’
‘மூளையப் பாத்தாத்தான் தெரியும்.’
என்னையே பார்த்தான்.
எனக்கு அது சாம்பிள்.
அவனுக்கு ஏழு வருஷம்.
‘ஸ்டெப்னிக்கு அடியில’ என்றான் கடைசியில்,
‘யூரியா சாக்குல.’

கையுறை இரண்டடுக்கு. தெர்மாகோல் பெட்டி. ஐஸ்.
திறந்திருந்த ஒரு கண்
டார்ச் வெளிச்சத்தில் பச்சையாய் மினுங்கியது.
மூடப் பார்த்தேன், மூடவில்லை.

இப்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளில்
பதினேழைக் கடந்துவிட்டோம்.
பின்சீட்டில் மூன்று பேர், யாரும் பேசவில்லை.
நாலாவது ஆள் தன் காரில் வருவதாய்ச் சொல்லியிருக்கிறார்.
பெட்டி என் மடியில், படிவம் பெட்டிமேல்.
விலங்கு: கேளையாடு. எழுதிவிட்டேன்.
அறிகுறி: எழுதிவிட்டேன்.
கிடைத்த விதம்:

கீழே சேலம் முழுக்க விளக்கு.
அடிவாரம் செக்போஸ்ட்டில்
குல்லாய் போட்ட ஒருவன்
கையைக் காட்டிக்கொண்டே நடந்து வருகிறான்.
அருளப்பன் கியரைக் குறைக்கிறான்.
பேனா இன்னும் திறந்திருக்கிறது.