கடன்

நந்தம்பாக்கம்.
மொழிபெயர்ப்புக் கூண்டில் மூன்றாம் இரவு.
காதில் இலுங்கா அம்மையாரின் பிரெஞ்சு:
வெட்டாமல் விட்ட காட்டுக்கு என்ன தருவீர்கள்?

எதிர்வரிசை டன்னுக்கு ஐந்து டாலரில் தொடங்கியது.
மேகம் மறைத்த ஏக்கர்கள் கணக்கில் வராதாம்,
செயற்கைக்கோளுக்குத் தெரியவில்லை.

துண்டுக்கடியில் விரல் பிடிக்கும் சந்தையில்கூட
மாடு பக்கத்தில் நிற்கும்.

வரைவில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்.
அவசரத்துக்குத் தமிழில் கிறுக்கினேன்: கடன்.
அவர் கேட்டது, செய்தே தீரவேண்டியது.
அவர்கள் நீட்டியது, இருபது வருட வட்டியோடு.
என் தாளில் இரண்டுக்கும்
அதே மூன்றெழுத்து.

வெளியே, ராணுவப் பயிற்சி மைய மதில் தாண்டிய
புள்ளிமான் ஒன்று
வாடகைக் கார்களுக்கிடையே.

"முடிஞ்சுதா மேடம்?" என்றார் காவலாளி ஏகாம்பரம்.
ஒரு சொல் பாக்கி என்றேன்.