மூன்றுக்கு ஒன்று

என் கணினியில் மண்டபம்
நானூற்றுப் பதினான்கு பச்சைப் புள்ளி.
பதினெட்டு வரிசை. அ-வில் தொடங்கி ஔ தாண்டி
ஃ-இலும் ஒரு வரிசை உண்டு,
பிறகு க, ங, ச, ஞ, ட.
ங-வில் இடம் கிடைத்தவர்கள் போன் எடுத்துக் கேட்பார்கள்:
தங்கச்சி, இது எழுத்துப் பிழையா?

கொழும்பிலிருந்து மெஜிக்காரர் வருகிறார்.
டிக்கெட் திறந்து நாலு நாள்.
விற்றது பதினொன்று.

நௌபர் முதலாளி பிளேன்டீயோடு வந்து
பின்னால் நின்று பார்த்தார்.
"பச்சையாக் கிடந்தா வெள்ளாமைக்கு அழகு புள்ள,
ஷோவுக்கு அழகில்ல.
மூண்டுக்கு ஒண்டு சிவப்பாக்கு.
முதல் நாள் திறந்து விடுவம்."

கையால்தான் குத்தத் தொடங்கினேன். மூன்று, ஆறு, ஒன்பது.
விரல் நொந்தது.
பிறகு 'ஒவ்வொரு மூன்றாவது' என்று தெரிவு செய்து
ஒரே தட்டு.

நேர்க்கோடாய் இறங்கும் என்று நினைத்தேன்.
வரிசைக்கு இருபத்து மூன்று கதிரை,
மூன்றால் பிரித்தால் இரண்டு மிஞ்சும்,
அந்த மிச்சம்
வரிசைக்கு வரிசை சிவப்பை ஓர் இடம் தள்ளிவிட்டது.
மார்கழியில் வாவிக்கு மேல் காற்றோடு விழும் மழை மாதிரி
மண்டபம் முழுக்கச் சாய்ந்து பெய்தது.

பொய் என்று தெரிந்தும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏற்கனவே விற்றதில் நாலு அதற்குள் விழுந்தது.
மிச்சம் நூற்று முப்பத்து நாலு பேர்,
பெயர் இல்லை, போன் இலக்கம் இல்லை.

வேலை செய்தது. வெள்ளிக்கிழமைக்குள் பச்சை தீர்ந்தது.

திறந்து விட வேண்டிய பின்னேரம் கரண்ட் போனது.
கரண்ட் வந்தபோது நான் கல்லடிப் பாலத்தில்
பஸ்ஸுக்குள் நெரிபட்டுக்கொண்டிருந்தேன்,
ஞாபகம் வரவில்லை.

அன்றிரவு கடைசிச் சுவரோடு சாய்ந்து நின்றேன்.
இரண்டு பேர், ஒரு வெறுங்கதிரை,
இரண்டு பேர், ஒரு வெறுங்கதிரை.
முதலில் ஒருவரும் தொடவில்லை.
"இதுக்கு ஆக்கள் இருக்கா?"
"வருவாங்க போல."
ஃ-பன்னிரண்டில் ஹெல்மெட் வைத்த பொடியன்
கதவு திறக்கும்போதெல்லாம்
அதைத் தூக்கி மடியில் வைத்தான்.
இல்லாத ஆட்களுக்கு
இத்தனை மரியாதை.

இடைவேளைக்குப் பிறகு மெஜிக்காரர் கேட்டார்:
ஆராவது ஒரு கதிரை இலக்கம் சொல்லுங்கோ!
ஒரு பிள்ளை கத்தியது: "ஊ எட்டு!"
வெளிச்சம் தேடிப் போய் விழுந்தது.
சிவப்புத் துணி போர்த்த இருக்கை,
கைப்பிடி இரண்டு, ஆளில்லை.

ஒரு நொடி தடுமாறினார்.
பிறகு குனிந்து கைவிரித்தார்:
"பாத்தீங்களா, ஆளைக் காணாமல் ஆக்கிட்டன்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள்.
பெரியவர்களின் கை பாதியில் நின்றது.
ஊ-ஏழில் இருந்த பெண்
வெளிச்சத்துக்குள் கையை நீட்டி
அந்தக் கதிரையின் கைப்பிடியில் வைத்தாள்.
வெளிச்சம் நகர்ந்தது.
கை அங்கேயே இருந்திருக்க வேண்டும்,
இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

காலையில் வந்து படத்தைத் திறந்தேன்.
ஷோ முடிந்த மண்டபத்தை ஆர் பார்க்கப் போகிறார்கள்,
ஒரே தட்டில் எல்லாவற்றையும் பச்சையாக்கலாம்.
கையால் குத்தினேன்.
மூன்று. ஆறு. ஒன்பது.
நௌபர் முதலாளி ஒன்றும் கேட்கவில்லை,
பிளேன்டீயை வைத்துவிட்டுப் போனார்.
ஞ-வுக்கு வரும்போது
அது ஆறிப்போயிருந்தது.