ஒரு நிமிட மௌனம்

ஆவணப்படத்தில் என் வேலை கண்ணுக்குத் தெரியாது.
கம்பத்தின் நுனியில் மைக்கைக் கட்டிக்கொண்டு
சட்டகத்துக்கு ஒரு முழம் வெளியே நிற்பவள்.
புதுச்சேரியை விட்டு ரீயூனியனுக்கு வந்து பத்து வருடம்;
கிரியோலில் திட்டினால் புரிகிறது,
கொஞ்சினால் இன்னும் புரிவதில்லை.

சேந்த் ஆந்த்ரே. ஆகஸ்ட்.
ஆலைக்குக் கரும்பேற்றிப் போகும் பெரிய லாரியை
ஓட்டுகிறாள் ழிசேல் கர்ப்பாய்.
பதினோரு நிமிடப் படம்.
தலைப்பு வைத்தாயிற்று, மானியம் வந்தாயிற்று,
அவள் பேச வேண்டியதுதான் பாக்கி.

உங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?
கேட்டவன் யானிக், இயக்குநர்.
"தெரியாது. வங்கியில் எழுத்துக்கூட்டிச் சொல்வேன்."
கரும்பு உங்களுக்கு என்ன?
"இருபது டன்."
விடியுமுன் தனியாக ஓட்டும்போது எதை நினைப்பீர்கள்?
"கியரை."

யானிக் என்னைப் பார்த்தான்.
நான் பேட்டரியைப் பார்த்தேன்.

அவன் கேமராவைக் காரில் ஏற்றப் போன பிறகு
வழக்கப்படி நான் கையைத் தூக்கினேன்.
போகிற இடத்திலெல்லாம் ஒரு நிமிடம்
யாரும் பேசாத ஓசையைப் பிடித்து வைப்போம்.
வெட்டி ஒட்டும்போது ஓட்டை விழுந்தால்
பூசி அடைக்க, சிமெண்ட் மாதிரி.
"மதாம், ஒரு நிமிட மௌனம்."

"யார் செத்தது?" என்றாள் ழிசேல்.
எழுந்தே நின்றுவிட்டாள்,
தலையிலிருந்த தொப்பியையும் கழற்றி.

விளக்க வாய் திறந்தால் பதிவு கெடும்.
நின்றோம்.
ஹெட்போனுக்குள் அவள் சமையலறை பெருத்தது:
குளிர்பெட்டியின் முனகல், நடுநடுவே அதற்கொரு விக்கல்,
வெயிலேறித் தகரம் நெளிகிற சத்தம்,
அவள் மூச்சு, ஒரு மூக்கில் லேசான அடைப்பு.
நாற்பதாவது நொடியில் அந்த மூச்சு நின்றது.
ஐம்பதில் திரும்பி வந்தது,
வேறொருத்தியுடையது போல.

போதும் என்றேன்.
"முன்னமே சொல்லியிருக்கலாம் நீ" என்றாள்.
"வீணாக்குவானேன் என்று
நானே ஒருவரை நினைத்துக்கொண்டேன்."
யாரை என்று கேட்கவில்லை.
யானிக் கேட்டிருப்பான்.

பிப்ரவரியில், மழைக்கு நடுவே, ஊர் மண்டபத்தில் போட்டார்கள்.
ழிசேல் நான்கு நிமிடம் வருகிறாள்.
மீதிக்கு ஆலைப் புகை, கோயில் கோபுரம்,
மேட்டிலிருந்து எடுத்த கடல்.
கடலெடுத்த நாளில் காற்று என் பதிவைத் தின்றிருந்தது.
எடிட்டர் பெண் எங்கோ கிடந்த மௌனமொன்றைத் தேடியெடுத்து
பதினெட்டு நொடிக்கு அலைகளின் அடியில் விரித்திருந்தாள்.
அரங்கில் ஒருவரும் அசையவில்லை.
கடலென்றால் கடல்தானே.

வாசலில் சமோசாத் தட்டோடு மறித்தாள்.
"கடல் வருகிறபோது கேட்டதே,
அது என் பெட்டி விக்கியதுதானே?"

ஆமாம். மன்னிப்புக் கேட்கப் போனேன்,
அதற்குள் வாயருகே சமோசா.
"டிசம்பரில் அது நின்றுபோயிற்று. புதுசு சத்தமே போடுவதில்லை.
படமெல்லாம் வேண்டாம் எனக்கு.
அந்த நிமிடத்தை மட்டும் கொடு. முழுசாக."

இரவு கணினியில் தேடினேன்.
கோப்புக்கு நான் வைத்திருந்த பெயர்:
சமையலறை, ஒன்றுமில்லை.
அனுப்புமுன்
பின்பாதியை அழித்தேன்.