என். ராஜன்

மலேசியாவில் இடி இடிப்பதால்
இரண்டாம் கால்பகுதியில் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.
மண்டபத்தில் ஒரு சொட்டு இல்லை.
கச்சான் மட்டும் தகரத்தைத் தட்டித் தட்டிக்
கேட்டுக்கொண்டிருக்கிறது
ஸ்கோர் என்ன என்று.

நண்டுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது.
வளையல் கூடாது, மோதிரம் கூடாது, மருதாணியும் கூடாது.
இன்றைக்கு மட்டும் ஹமீதுநிஸா அக்கா
என் போனைப் பாலிதீன் பையில் போட்டு
ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்தாள்.
"கண்ணுதான் அங்க. கை இங்க."

அவித்த நண்டின் ஓட்டைப் பிரித்து
ஜம்போ ஒரு தட்டில்
கால்சதை ஒரு தட்டில்.
இது போகிற நாட்டின் கொடியும்
அந்த மைதானத்தில் நனைந்துகொண்டிருக்கிறது.
போன வாரம் அவர்களை ஐந்துக்கு ஒன்று அடித்தோம்.
மறுநாளும் பெட்டி போனது.

ஆட்டம் மறுபடி தொடங்குகிறது.
பதினாலு பேரும் பந்தைப் பார்க்கிறார்கள்.
நான் திரையின் ஓரத்தைப் பார்க்கிறேன்.
பெஞ்சு அங்கேதான் இருக்கிறது.
கேமரா எப்போதாவது அந்தப் பக்கம் வழுக்கும்போது
ராத்திரி வலையில் சாளை மினுங்குவதுபோல
தெரிந்து மறைகிறான்
என் தம்பி.

மாற்று கோல்கீப்பர்.
ஐந்து ஆட்டம், முந்நூறு நிமிடம்,
ஒரு நிமிடமும் இறங்கவில்லை.
இறங்காவிட்டாலும் முழுக் கவசமும் பூட்ட வேண்டும்.
ஹெல்மெட்டை மடியில் வைத்திருக்கிறான்
பஸ்ஸில் புதுப்பானை கொண்டுபோகிறவளைப் போல.

மீன்பெட்டித் தெர்மாகோலை அறுத்து
நைலான் கயிற்றால் காலில் கட்டிக்கொண்டு
வலை மிதப்பைத் தடுத்தவன்தான்.
அந்தத் தெர்மாகோலுக்கு நான் அடி வாங்கினேன்.
அவன் முதுகில் இன்று அச்சடித்த பெயர்: என். ராஜன்.
நம்புநாயகி வாசலில் வைத்த பெயரில்
ராஜனை மட்டும் ஏற்றிக்கொண்டு
நம்புவை ஒரு புள்ளியோடு இறக்கிவிட்டார்கள்.
"நம்புனாத்தானடி இறக்குவாங்க" என்றாள் சண்முகக்கனி.
சிரித்தோம்.
எனக்கு ஓடு விரலில் ஏறியது.

இரண்டுக்கு இரண்டு. நேரம் முடிந்தது.
இனி ஷூட்-அவுட்.
ஒருவன், ஒரு கீப்பர், எட்டு நொடி.
எட்டு நொடியில் நான்
ஒரு நண்டைத் திறந்து செவுளைக் கிள்ளி எறிந்திருப்பேன்.

அப்போதுதான் அவன் எழுந்தான்.
ஹெல்மெட்டைத் தலையில் இறக்கினான்.
குனிந்தான்.
பயிற்சியாளர் யாரிடமோ எதையோ கேட்டார்,
தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார்
கொதிக்கிற சட்டிக்குத் தீயைக் குறைப்பதுபோல.

கேமரா போய்விட்டது.
அதற்குப் பிறகு நடந்ததை
நான் கொட்டகையின் சத்தத்தில்தான் அறிந்தேன்.
ஒரு ஐயோ. ஒரு விசில்.
இன்னொரு ஐயோ.
பிறகு யாரோ தட்டைக் கவிழ்த்தார்கள்,
ஹமீதுநிஸா அக்கா திட்டவில்லை.

ஜெயித்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள்.
கடைசியில் ஒருவன்
முழங்கால் சேற்றில் வள்ளத்தைப் பிடிக்க ஓடுகிறவனைப் போல
அந்தப் பேடுகளோடு ஓடினான்.
கூட்டம் அவனை மூடிக்கொண்டது.

எடை போட்டார்கள். நாலு கிலோ நூறு.
நேற்றைக்கு நாலரை.

பதினோரு மணிக்குப் போன்.
பின்னால் பாட்டும் கூச்சலும்.
"பாத்தியாக்கா?"
"பாத்தேன்."
"என்னத்தப் பாத்த. நான் ஆடவே இல்லையே."
"எந்திரிச்சப்ப இடது பேடுல
மூணாவது வாரு அவுந்து தொங்குச்சு."

கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது.

"அத மாட்டிக்கிட்டு இருக்கையிலதான்க்கா
உக்காரச் சொல்லிட்டாரு."

"மாட்டிட்டியா?"

"ம். மாட்டிட்டுத்தான் உக்காந்தேன்."