நான்கு மில்லிமீட்டர்

லிவோர்னோவிலிருந்து பிஸ்தோயாவுக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை வந்த பொதியில்
இருபது அங்குல வெண்கலச் சிம்பல்.
கடிகாரத்தில் நான்கு மணி இருக்குமிடத்தில்
விளிம்பு நான்கு மில்லிமீட்டர் தொங்கியது,
சொல்ல வந்ததை விழுங்கிய உதடு.

கடிதமும் இருந்தது.
நேதோ அதைப் பிரிக்கவில்லை.
கோணலைப் பார்த்தான்,
கை தானாகச் சுத்தியலுக்குப் போனது.

அவனுக்குத் தெரியும்:
மேடு உயர்ந்தால் சுருதி ஏறும்,
குச்சி விழுந்த புள்ளி துல்லியமாய்க் கேட்கும்.
மேட்டைத் தாழ்த்தினால்
ஈரத் தரையில் எண்ணெய் கொட்டியதுபோல்
ஓசை கறுத்துப் பரவும்.
நடுக்குமிழ் பெருத்தால்
ஒலி வீட்டுக்குப் போக மறுக்கும்.
குமிழே இல்லையென்றால்
மணலில் விழுந்த நாணயம். டக்.
விளிம்பு மெலிந்தால் தொட்டதும் பேசும்
தொட்டதும் ஓயும்.
விளிம்பை மேல்நோக்கி மடக்கிவிட்டால்
அடுத்த வீட்டில் சண்டை.

என் மொழியில் சொன்னால்
குமிழில் வல்லினம், மேட்டில் இடையினம்,
விளிம்பெல்லாம் மூக்கால் நீளும் மெல்லினம்.
ஒன்று மட்டும் விட்டுப்போகிறது. வருகிறேன்.

பின்புறமாகத் தட்டினான்,
விரற்கடை விரற்கடையாய்த் திருப்பித் திருப்பி.
நிமிராது என்று நாம் சொல்லிவந்த வாலை
நாற்பத்தொரு அடியில் நிமிர்த்திவிட்டான்.
கல்மேல் கவிழ்த்தபோது
அடியில் சிகரெட் தாள்கூட நுழையவில்லை.
‘சிறு பழுது, இலவசம்’ என்று எழுதி
அன்றைக்கே திருப்பி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில்
ஃபோஸ்கா ரிகினி கத்தவில்லை.
ரிசீவருக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினாள்.
‘கேட்கிறதா?’
‘கேட்கிறது. அழகாக இருக்கிறது.’
‘அதுதான்’ என்றாள்.
பிறகு, ‘கடிதம்?’
அவள் காத்திருக்க அவன் உறையைக் கிழித்தான்.
*இதேபோல் இன்னொன்று வேண்டும், கோணலோடு.
இதைத் தொடாதீர்கள்.*
‘தொடாதீர்கள்’ என்பதன் கீழே இரண்டு கோடுகள்.

ஒன்பது வருடத்துக்கு முன்
சார்தீனியா போகும் கப்பலில் ஏற்றும்போது
அக்கார்டியன்காரனின் பெட்டி அதன்மேல் விழுந்தது.
அன்றிரவு ஒல்பியாவில் அடித்தாள்:
நீளத் தொடங்கிய ஒலிக்கு நடுவில்
ஒரு சின்னச் செருமல்.
ஃ.
உயிரோடும் சேராமல் மெய்யோடும் சேராமல்
தனியே நிற்கும் அந்த மூன்று புள்ளி.

வட்டம் பிசகாதவரை
இரண்டு அதிர்வுகள் ஒரே குரலுக்குள் ஒளிந்திருக்கும்.
ஓரிடம் பிசகினால் போதும்,
ஒன்று மயிரிழை தாழ்ந்து பிரியும்.
பிறகு இரண்டும் ஒன்றையொன்று தேடி
எழுந்து விழுந்து எழுந்து விழுந்து
அலையும்.
ஒன்பது வருடமாய் அவள் மணிக்கட்டு
அந்த நான்கு மணியைச் சுற்றியே வளர்ந்திருந்தது.

சனிக்கிழமை அவள் ரயிலில் வந்தபோது
கழிவுத் தட்டுகள் ஏழு பட்டறைத் தரையில் கிடந்தன:
குறட்டில் கவ்வியவை, முழங்காலில் வளைத்தவை,
மரச்சுத்தியலால் அடித்தவை.
இரண்டு கிழிந்திருந்தன.
வெண்கலம் முன்கோபி,
ஒரு வளைவைப் பொறுக்கும்,
அதே இடத்தில் மறுவளைவை யோசிக்கும்.
எதுவும் செருமவில்லை.
எல்லாம் வெறுமனே கெட்டுப்போயிருந்தன.

‘பெட்டி எவ்வளவு கனம்?’ என்றான்.
‘பதினெட்டு கிலோ. அவன் எங்கும் சொல்லிக்கொள்வான்.’
நேதோ மனைவியின் பயணப்பெட்டியை எடுத்துவந்தான்.
தக்காளி டின்களை அடுக்கி நிறுத்தார்கள்.
மாடிப்படியின் இரண்டாம் படியிலிருந்து
ஃபோஸ்காவே கையை விட்டாள்.

இம்முறை ஏழு மணியில். ஐந்து மில்லிமீட்டர்.

அடித்தாள்.
செருமல் இருந்தது,
ஆனால் வேறு யாரோ செருமினார்கள்.
ஸ்டூலை இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.
இடது முழங்கையைக் கொஞ்சம் விரித்தாள், குறைத்தாள்.
அரைமணி நேரம்
தெரியாத ஊரில் விலாசம் கேட்பவள்போல்
விளிம்போரம் தட்டிக்கொண்டே போனாள்.

ஆறு பன்னிரண்டு ரயிலுக்கு
அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.
பிடிக்கிறதா என்று அவன் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
பில்லில் பதினோரு யூரோ போட்டான்,
பெட்டியின் கைப்பிடி உடைந்ததற்கு.